கிணற்றில் வந்த அர்ச்சிஷ்டவர்

மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள் லூர்தம்மாளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்கு அவள் வீட்டு முன்கூடத்தைச் சாணி போட்டு மெழுகி, பெட்டியில் மடித்து வைத்த வெள்ளைத் துணியை எடுத்து மேசைமேல் விரித்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டுத் தூர நின்று பார்ப்பாள். பிறகு கிட்டே போய் இன்னொரு தரம் நீவுவாள். மறுநாள் காலை கிருஷ்ணகிரியிலிருந்து சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து அந்த மேசையில்தான் பூசை வைப்பார். குந்தாரப்பள்ளிக்குத் தெற்கே இருபது சொச்சம் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த அந்தச் சிற்றூரில் கோவில் கிடையாது. லூர்தம்மாள் வீட்டு முன்கூடம்தான் கோவில்.

மாமனார் காலத்து வழக்கம் அது. ஆனால் லூர்தம்மாளைக் கேட்டால், தான் மருமகளாகக் காலடி வைத்த நாளிலிருந்துதான் அந்தப் பூசைக்கு ஒரு லட்சணம் வந்தது என்பாள். சாமியார் காப்பி குடிப்பதற்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தாள். கட்டின புருஷன் சூசைக்கே அதில் ஒரு வாய் தண்ணீர் கிடைத்ததில்லை. சூசை அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆளும் இல்லை. கழனி, மாடு, பீடி என்று இருந்துவிட்டுப் போகிற மனுஷன்.

சிங்காரப்பேட்டைப் பக்கம் பிறந்தவள் அவள். அப்பா உபதேசியார். சாமியார் வராத நாளில் ஊருக்குச் செபம் சொல்லிக் கொடுக்கிற வேலை. எழுத்து சரியாக வராத மகளுக்கு அவர் காதுவழியாகவே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். தமிழ்ச் செபம் மட்டுமா, லத்தீனும்தான். சாமியார் பீடத்தில் நின்று "தோமினுஸ் வோபிஸ்கும்" என்றால், கூட்டம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது லூர்தம்மாளின் குரல் மட்டும் "எத் கும் ஸ்பீரித்து தூவோ" என்று கணீரென்று எழும். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியாது. தெரியாததனால் மவுசு குறையவில்லை, கூடித்தான் இருந்தது. பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். சாயங்கால செபமாலைக்கு அவள் வீட்டில்தான் கூடினார்கள்.

பிறகு எங்கேயோ பெரியவர்கள் கூடிப் பேசி, பூசையைத் தமிழில் வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. புரிகிறதே! லூர்தம்மாளுக்கு மட்டும் யாரோ கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனது மாதிரி இருந்தது. இப்போது எல்லோரும் பதில் சொன்னார்கள். மூக்கொழுகும் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள்.

அந்தப் புண் ஆறுவதற்குள் கொழுந்தன் வீட்டில் கிணறு ஆழப்படுத்தினார்கள்.

கொழுந்தன் யேசுராஜுக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் லாரி பிடித்து ஓசூர் வழியாக வருவான். வரும்போது மனைவிக்கு வாசனைச் சோப்பு, நைலக்ஸ் புடவை, பிளாஸ்டிக் கூடை என்று ஏதாவது ஒன்று கையில் இருக்கும். அந்த மனைவிதான் ஆரோக்கியசெல்வி. லூர்தம்மாளின் ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் லூர்தம்மாளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பாள். ஆனால் செல்வியோ வாசனைச் சோப்பில் பாதியை அறுத்துக்கொண்டு வந்து, "அக்கா, நீங்களும் போட்டுக் குளிங்க" என்று நீட்டுவாள். அதை வாங்கிக்கொள்வதைவிட அடி வாங்கலாம்.

அறுபத்தெட்டாம் வருஷத்துக் கோடை. கிணற்று மண்ணைக் கூடையில் ஏற்றிக் கொட்டிக்கொண்டிருந்த இடத்தில் செல்வியின் காலில் அது தட்டுப்பட்டது. பழைய ரூபாய்க் காசு அளவுக்கு, நல்ல கனமாக, பாசி படிந்ததுபோல் பச்சை ஏறிப்போன ஒரு வட்டத் தகடு. முந்தானையால் துடைத்துப் பார்த்தவள் "சேசுவே!" என்றாள். தகட்டில் ஒரு தலை இருந்தது. தலையைச் சுற்றி ஒளிக்கதிர். திருப்பினால் இறக்கை வைத்த ஓர் உருவம். ஒரு கையில் மலர்முடி, இன்னொரு கையில் குருத்தோலை. சுற்றிலும் எழுத்து மாதிரி மேடு மேடாக ஏதோ, பச்சைக்குள் புதைந்து கிடந்தது.

ஊரில் எல்லார் கழுத்திலும் கறுப்புக் கயிற்றில் பதக்கம் தொங்குகிறது. ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் யாராவது ஒரு புனிதர். அர்ச்சிஷ்டவர் என்பார்கள் அந்தக் காலத்தில். வட்டத் தகட்டில் தலை, தலையைச் சுற்றி ஒளி, பின்னால் குருத்தோலை பிடித்த சம்மனசு, அதாவது தேவதூதர், என்றால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? எந்த அர்ச்சிஷ்டவர் என்பதுதான் கேள்வி. அதற்குத் தீர்ப்புச் சொல்ல ஒரே ஆள்தான் இருந்தாள். கூப்பிட்டு விட்டார்கள்.

லூர்தம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். நாலு பேர் தன் வாயைப் பார்த்து நிற்பது அவளுக்கு நெடுநாள் கழித்து இனித்தது.

"தாடி இல்ல. அதனால சூசையப்பர் இல்ல, இராயப்பரும் இல்ல. வயசுப் பையன் மொகம். அருளப்பர்தான் இது. சேசுவுக்கு ரொம்பப் பிரியமான சீடரு" என்றாள்.

கன்னமும் கழுத்தும் கொஞ்சம் ஊதித்தான் இருந்தன. பசி தெரியாத அருளப்பர் போல என்று எதிர்வீட்டுப் பூவம்மாள் முணுமுணுத்தாள். லூர்தம்மாள் ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டாள். ஆக, அருளப்பர் என்று பெயர் வைத்தது லூர்தம்மாள்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல அவளுக்கு வழியில்லை.

செல்வி பதக்கத்தை ஒரு வெண்கலத் தட்டில் வைத்து முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். அந்த வாரமே பூவம்மாள் பேரனுக்குக் காய்ச்சல் இறங்கியது. கிணற்றிலும் ஊற்று பிடித்துக்கொண்டது. போதாதா? சாயங்காலம் ஒவ்வொருத்தராகச் சுவருக்கு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். சாமல்பட்டியில் ரயில் இறங்கிப் பஸ் பிடித்துக்கூட ஆள் வந்தது. வந்தது கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை. அடுத்த தெரு மாதம்மாள் தன் மாட்டுக்காக வேண்டிக்கொண்டு தேங்காய் கொண்டுவந்து உடைத்தாள். ஒரு மாதத்தில் லூர்தம்மாளின் கூடத்தில் செபமாலைக்கு உட்கார்ந்தது அவளும் சூசையும்தான். சூசையும் பாதியில் தூங்கிவிட்டான்.

"அக்கா, நீங்க வந்துதான் செபம் சொல்லணும். எனக்குப் பிரார்த்தனையில நடுவுல நடுவுல வுட்டுப்போவுது. எல்லாரும் சிரிக்கறாங்கோ" என்று செல்வி கையைப் பிடித்து இழுத்தாள். போனாள். போகாவிட்டால் அதையும் பேசுவார்களே. உட்காரப் பலகை போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் அவள் செபம் சொல்லும்போது எல்லாக் கண்ணும் அந்தப் பச்சைத் தகட்டின் மேலும் அதற்குப் பக்கத்தில் நிற்கும் செல்வியின் மேலும்தான் இருந்தன. லூர்தம்மாளுக்கு வயிறு எரிந்தது. செபத்தின் நடுவிலேயே எரிந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கிணறு வெட்டியதற்குப் பதில் இவர்கள் அந்தத் தண்ணீரை விலைக்கே வாங்கிக் குடித்திருக்கலாம் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

ஆவணி மாதப் பூசைக்கு வந்த சாமியாரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் எவர்சில்வர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த மாசம் கொண்டாங்க, பாக்கறேன். நெசமான பழைய பதக்கமா இருந்தா ஆயருக்கு எழுதணும். ஜனங்களும் அங்கதான் கூடறாங்கன்னா பூசையையும் அங்கேயே மாத்திக்கலாம். எடமும் பெருசு" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். லூர்தம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். லத்தீன் போயிற்று. செபமாலை போயிற்று. இப்போது பூசையே சுவர் தாண்டிப் போகப் போகிறது. வெள்ளைத் துணியை இனி அவள் யாருக்காக நீவுவது?

அந்த மாதம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி இருக்கையில்தான் ஒரு கிடாரியை விற்றுவிட்டு வரலாம் என்று சூசையோடு குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனாள். சூசை தரகரோடு துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் சும்மா சுற்றி வந்தாள். சந்தையின் கடைசியில் ஓசூர்க்காரன் முனிராஜ் சாக்கு விரித்து மாட்டு மணி, பழைய பூட்டு, உடைந்த விளக்கு எல்லாம் பரப்பியிருந்தான். ஓரத்தில் ஒரு தட்டில் பழைய காசுகள். அந்தத் தட்டில் அருளப்பர் இருந்தார்.

அதே முகம்! அதே ஊதின கழுத்து, அதே கதிர். பச்சை இல்லாமல், கறுத்து, தெளிவாக இருந்தது.

"இது யாருப்பா?" என்றாள்.

"இதா? ரோமாபுரி ராஜாம்மா. நீரோன்னு பேரு. பெங்களூர்ல ஒரு தொரை இதுக்குன்னே காத்துக்கினு இருக்காரு."

"தலயச் சுத்தி ஒளி வருதே?"

"ஒளி இல்லம்மா, கிரீடம். சூரியன் மாதிரி முள்ளு வெச்ச கிரீடம். அந்த ராஜாவுக்குத் தானே சூரியன்னு நெனப்பாம்."

"பின்னால சம்மனசு?"

"ரெக்க வெச்ச பொம்பளயா? அவங்க ஊரு ஜெயதேவதைம்மா. நோடு, இங்க பாரு, கழுத்துக்குக் கீழ நாலு எழுத்து இருக்குதில்ல? அதிருந்தா எடுத்து வையின்னு தொரை சொல்லிக்கிறாரு. எனக்கு மட்டும் படிக்கத் தெரியுமா என்ன?"

லூர்தம்மாளுக்கும் தெரியாது. ஆனால் பார்த்ததை மறக்காத கண். இரண்டு முளைக்கு நடுவே சாய்த்து வைத்த கட்டை. மூன்று பல் சீப்பு. குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு காலை நீட்டி நிற்கிறவள். கடைசியில் வளையல். நாலையும் மனசில் பதித்துக்கொண்டாள்.

நீரோ! அவளுக்குத் தெரியாதா? பேதுரு, பவுல் என்கிற இராயப்பர் சின்னப்பர் திருநாள்தோறும் அப்பா சொல்லுவாரே. இராயப்பரைத் தலைகீழாகச் சிலுவையில் அறையச் சொன்ன பாவி. சின்னப்பரின் தலையை வெட்டச் சொன்னவன். கிறிஸ்தவர்களை மரத்தில் கட்டித் தீப்பந்தமாக எரியவிட்டு விருந்து சாப்பிட்டவன். அவனுக்கா மெழுகுவத்தி? அவன் முன்னாலா முழந்தாள்? வீடு வரும்வரை அவளுக்குச் சிரிப்புத் தாளவில்லை. கிடாரி நல்ல விலைக்குப் போனதற்குத்தான் சிரிக்கிறாள் என்று சூசை நினைத்துக்கொண்டான்.

ஆனால் இதைப் போய் வெளியே சொன்னால், வயிற்றெரிச்சலில் கதை கட்டுகிறாள் என்பார்கள். வயிற்றெரிச்சல் உண்மைதான், அது அவளுக்கும் தெரியும். அதனால் தான் வாயைத் திறக்கக் கூடாது, எழுத்துதான் பேச வேண்டும் என்று முடிவு செய்தாள். சாமியாருக்கு இங்கிலீஷும் தெரியும், லத்தீனும் தெரியும். அந்தப் பச்சையை எடுத்துவிட்டால் அவரே கூட்டத்தின் நடுவில் உரக்கப் படிப்பார். அப்போது செல்வியின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து அவள் ருசித்தாள்.

பூசைக்கு முந்தின நாள் மெழுகுவத்தித் தண்டு, மணி, சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்ப்பது எப்போதும் அவள் வேலை. சுவர் தாண்டிப் போய்க் கேட்டாள்.

"ஏமே செல்வி, நாளைக்குச் சாமியாரு கையில குடுக்கணும். இப்பிடிப் பச்சையாவா குடுப்ப? குடு, நம்ம சாமானுங்களோட சேத்து நானே தேச்சித் தர்றன்."

செல்வியின் முகம் மலர்ந்துபோயிற்று. பதக்கத்தை எடுத்து உதட்டில் ஒற்றி முத்தி செய்து இரண்டு கையாலும் கொடுத்தாள். "நீங்களா கேப்பீங்களோன்னு இருந்துதுக்கா. உங்க கை பட்டா எல்லாம் தங்கமாட்டம் ஆவுது" என்றாள்.

துவைகல்லின்மேல் உட்கார்ந்து லூர்தம்மாள் தேய்க்கத் தொடங்கினாள். புளி பட்டதும் பச்சை இளகிக் கரைந்தது. கழுத்துக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தாள். முளையும் கட்டையும். சீப்பு. காலை நீட்டி நிற்கிறவள். வளையல். நாலும் இருந்தன. அவன்தான். அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

நிறுத்தவில்லை. எழுத்து மங்கலாக இருக்கிறதே, சாமியாருக்குக் கண் வேறு மட்டு. அவர் மட்டும் படித்தால் போதுமா, கடைசி வரிசையில் இருக்கும் பூவம்மாளுக்கும் தெரிய வேண்டாமா? எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தாள். உப்பைப் போட்டாள். அதுவும் போதாமல் செங்கல் தூளைத் தேங்காய் நாரில் தொட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். வாசனைச் சோப்புக்கு ஒரு தேய்ப்பு, நைலக்ஸ் புடவைக்கு ஒரு தேய்ப்பு, சாமல்பட்டியிலிருந்து வந்த கூட்டத்துக்கு ஒரு தேய்ப்பு. பச்சை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அத்தனை காலம் மண்ணில் அரித்துப்போன அந்தக் காசின் முகமும் எழுத்தும் அந்தப் பச்சைப் பொருக்கில்தான் நின்றுகொண்டிருந்தன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். மஞ்சளாகப் பளபளத்தது. பித்தளை வில்லை மாதிரி, அம்மைத் தழும்பு விழுந்து, வழவழவென்று இருந்தது. தலை இல்லை. கதிர் இல்லை. சம்மனசு இல்லை. நாலு எழுத்தில் ஒன்றுகூட இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். கையில் கிடைத்தவனைத் தப்பவிட்டோமே என்ற ஆத்திரம். அப்புறம்தான் பயம் வந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த சூசை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமே காரியம் பண்ணிட்ட" என்றான். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மாட்டுப் பக்கம் போய்விட்டான்.

காலையில் கூடம் நிறைந்து வாசல்வரை ஆள் நின்றது. லூர்தம்மாள் கைக்குட்டையில் சுற்றியதைச் செல்வி கையில் திணித்தாள். செல்வி பிரித்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஒரே ஒரு தரம் நிமிர்ந்து லூர்தம்மாளைப் பார்த்தாள். அதற்குள் சாமியார் கையை நீட்டிவிட்டார்.

"என்னம்மா இது? ஒண்ணும் இல்லயே?"

கூட்டம் முண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. லூர்தம்மாள் மேசைத் துணியின் சுருக்கத்தை நீவத் தொடங்கினாள்.

"நான்தான் சாமி" என்றாள் செல்வி. "பளபளன்னு ஆவட்டும்னு செங்கத்தூள் போட்டுத் தேச்சிட்டன். அழிஞ்சிபோச்சி."

பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். புத்தி இருக்கிறதா, அர்ச்சிஷ்டவரைப் போய்ச் சட்டி மாதிரித் தேய்ப்பார்களா என்று பூவம்மாள் கூடத்திலேயே வைதாள். மாதம்மாள் உடைத்த தேங்காய்க்குக் கணக்குக் கேட்காத குறை. செல்வி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சாமியார் வில்லையை அவளிடமே கொடுத்துவிட்டு, "சரி, போவட்டும். பூசை எப்பவும்போல இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அங்கியை மாட்டிக்கொண்டார்.

அவ்வளவுதான். லூர்தம்மாள் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. அன்றைய பூசையில் அவள் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே இருந்திருக்க வேண்டும். எழும்பவில்லை. கடைசியில் சுவரோரம் முழந்தாளிட்டிருந்த செல்வியின் மேலேயே கண் போய்க்கொண்டிருந்தது.

பூசை முடிந்து எல்லோரும் போனபின் லூர்தம்மாள் புழக்கடையில் மெழுகுவத்தித் தண்டையும் மணியையும் கழுவ உட்கார்ந்தாள். செல்வி தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து துடைத்து வைக்கத் தொடங்கினாள். லூர்தம்மாளுக்குத் தாங்கவில்லை.

"எதுக்குடி அப்பிடிச் சொன்ன? யாரு கேட்டா உன்ன?"

"பின்ன, உங்கள வையட்டும்னு பாத்துக்கினு இருக்கறதா? எனக்கு வெச்சி வாழத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். ரெண்டு வார்த்த வெஞ்சிட்டு வுட்டுடுவாங்கோ. உங்கள வெஞ்சா நீங்க தாங்க மாட்டீங்க."

ஐயோ பாவம் என்று ஒருத்தி தன்னைப் பார்ப்பது லூர்தம்மாளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் எரிந்தது. இவளுக்கு ஒரு தரமாவது வலிக்க வேண்டும் என்று இருந்தது. கையில் மிச்சமிருந்தது ஒன்றுதான். அதை எடுத்து வீசினாள்.

"இத்தினி மாசமா யாரு முன்னால முட்டி போட்டன்னு தெரியுமாடி உனக்கு? அருளப்பராம்! அவன் நீரோ ராசாடி. இராயப்பரைத் தலகீழா அறைஞ்ச பாவி. சந்தையில அவன் காசப் பாத்தன். நேத்துத் தேய்க்கும்போது எழுத்தையும் என் கண்ணால பாத்தன். அவனுக்குத்தான் மெழுகுவத்தி கொளுத்தின. தெரிஞ்சிக்க."

சொல்லிவிட்டு அந்த முகம் சுண்டுவதற்காகக் காத்திருந்தாள்.

செல்வி மணியைத் துடைப்பதை நிறுத்தினாள். "நெசமாவா?" என்றாள். இடுப்பிலிருந்து வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"செத்தப்புறம் அவனுக்காக யாராச்சும் செபம் பண்ணியிருப்பாங்களாக்கா?"

"அவனுக்கா? எந்த மடச்சி பண்ணுவா?"

"அப்பிடின்னா நாமதான் மொத ஆளு. நாலு மாசமா ஊரே கூடிப் பண்ணியிருக்குது, பாருங்களேன்."

"அவன் நரகத்துல கெடக்கறான்டி. செபம்லாம் அங்க போய்ச் சேராது."

"சேந்துச்சா இல்லயான்னு நமக்கு எப்பிடிக்கா தெரியும்?" என்ற செல்வி, ஈரத்தரையிலேயே முழந்தாளிட்டுக் கையைக் குவித்து, தெரிந்தே இந்தத் தடவை, அந்தப் பாவிக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லத் தொடங்கினாள்.

லூர்தம்மாள் தண்ணீரில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் சொல்லாத செபம் இல்லை. செத்தவர்களுக்கும் பிறந்தவர்களுக்கும் மாட்டுக்கும் மழைக்கும் சொல்லியிருக்கிறாள். இப்படி ஒரு செபம் சொல்லலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை. சோப்பையும் புடவையும் பார்த்துப் பொறாமைப்பட்டபோது அதே மாதிரி தானும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றாவது நினைக்க முடிந்தது. இதை எந்தச் சந்தையில் போய் வாங்குவது? முன்கூடத்தில் வெள்ளைத் துணி மேசைமேல் அப்படியே கிடந்தது. அதை மடித்து வைக்க அன்றைக்கு அவள் எழுந்து போகவில்லை.